சாரட்டு வண்டியின் இரண்டு சிங்கங்கள்

செய்கு முகம்மது, முன்னால் வைத்த சுலைமானித் தேநீரைத் தொடவில்லை. வளைகுடா நகரின் கராமா வட்டாரத்தில் பல்மருத்துவமனை ஒன்றின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில், ஏசிக்கு நேரே உட்கார்ந்திருந்தும் அவருக்கு வியர்த்தது. கீழக்கரைக்காரர். அல் குசைஸில் இருபது பேர் வேலை பார்க்கும் உலோகப் பட்டறை அவருடையது. ஷீல்டு, கோப்பை, பெயர்ப்பலகை, பழைய வெள்ளிச் சாமான்களுக்கு மெருகு என்று எல்லாம் செய்கிற இடம்.

"களவு நடந்திருக்கு. களவாணியப் பிடிச்சும் வச்சிருக்கேன். நீங்க வந்து பாத்து, ஆமா களவுதான்னு எழுதிக் குடுத்தாப் போதும்" என்றார்.

அலுவலகம் ஜெயசீலனுடையது. அவர் காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளர். தீப்பிடித்த கிடங்கு, மூழ்கிய லாஞ்சு, உடைந்த கண்ணாடி என்று எது வந்தாலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். தூத்துக்குடிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை சும்மா இருக்கத் தெரிந்தவர். அவருக்குக் கார் ஓட்டுகிறவனும் போட்டோ எடுக்கிறவனும் நெய்னா முகம்மது ஒருவனேதான். களவு என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் கேமரா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். ஒரு மாதமாகத் தண்ணீர்க் குழாய் வெடித்த கேஸ்களாகவே வந்துகொண்டிருந்தன.

"பிடிச்சு வச்சிருக்கீங்கன்னா, எங்க, காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"ஸ்டோர்ல. பூட்டி."

போகும் வழியில் செய்கு முகம்மது விவரம் சொன்னார். ஜுமைராவில் ஓட்டல் ஒன்று, கல்யாண மாப்பிள்ளை பெண்ணை ஊர்வலம் விடுவதற்கென்று இங்கிலாந்திலிருந்து பழைய சாரட்டு வண்டி ஒன்றை வாங்கியிருந்தது. ஏதோ பிரபு குடும்பத்து வண்டி. இரண்டு கதவிலும் அந்தக் குடும்பத்தின் சின்னம், வெள்ளித் தகட்டில். பின்காலில் நின்றுகொண்டு முன்காலில் சாவி பிடித்த சிங்கம். வண்டியைப் புதுக்கும் வேலை பட்டறைக்கு வந்தது. வேலை முடிந்து இன்று காலை ஓட்டல்காரர் பார்க்க வந்தார். வெள்ளைக்காரர். இடக் கதவுத் தகட்டை நகத்தால் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். வலக் கதவுத் தகட்டைத் தட்டியதும் முகம் மாறிவிட்டது. பேனாக் கத்தியால் ஓரத்தில் கீறிக் காட்டினார். மேலே வெள்ளி முலாம், உள்ளே மலிவான வெள்ளீயம். அசலைக் காணோம். சாயங்காலம் போலீஸோடு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பட்டறைக்குப் பின்னாலேயே ஆட்கள் தங்கும் ரூம்கள். எல்லா ரூமையும் சோதனை போட்டார்கள். பாலிஷ்காரன் வைரவனின் பெட்டிக்குள், லுங்கியில் சுற்றிய பிளாஸ்டர் அச்சு ஒன்று கிடைத்தது. அச்சுக்குள் சிங்கம்.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் செய்கு முகம்மது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜெயசீலன் சார், களவுன்னா பாலிசியில கிடைக்கும். வேலையில கெட்டுப்போச்சுன்னா ஒண்ணும் கிடைக்காது. அது உங்களுக்குத் தெரியும். கிடைக்கலைன்னா லைசென்ஸ் எடுத்துக் குடுத்த அரபி, கஃபீல், அதைப் பிடுங்கிருவாரு. எனக்கும் போக்கிடம் கிடையாது."

ஜெயசீலன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே பார்க்க எதுவுமில்லை. காலையிலிருந்து புழுதிக்காற்று. சாலை, கட்டடம், வானம் எல்லாம் ஒரே மண் நிறம்.

கார் உள்ளே நுழைந்ததும் நேபாளி காவலாளி கேட்டை மூடிச் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினான். சாவி செய்கு முகம்மதுவின் பைக்குள் போயிற்று. இது முடிகிறவரை ஒருத்தரும் வெளியே போகக் கூடாது என்று அவர் சொன்னபோது, அது தங்களையும் சேர்த்துத்தான் என்பது நெய்னாவுக்குக் கொஞ்சம் தாமதமாகவே உறைத்தது.

ஆட்கள் தகரக் கொட்டகைக்குள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மின்விசிறிகள் வெந்த காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில், சம்பந்தமே இல்லாத இன்னொரு உலகத்திலிருந்து வந்ததுபோல, கரும்பச்சைச் சாரட்டு நின்றது. சூப்பர்வைசர் ரெங்கராஜ் முன்னால் வந்து கைகொடுத்தார். கோயமுத்தூர்க்காரர், பிக்கப் கதவுகளுக்கு லோகோ ஒட்டியே மேலே வந்தவர், இஸ்திரி கலையாத சட்டை. பட்டறையில் குடும்பத்தோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். மனைவி சுசீலாவும் இரண்டு பிள்ளைகளும் பக்கத்திலேயே ஃபிளாட்டில் இருந்தார்கள்.

"ரொம்ப வருத்தமான விசயமுங்க. நல்ல வேலைக்காரன். இப்படிப் பண்ணுவான்னு நெனைக்கலைங்க" என்றார்.

ஜெயசீலன் சாரட்டைச் சுற்றி மெதுவாக நடந்தார். நெய்னா படமெடுத்துக்கொண்டே பின்தொடர்ந்தான். இடக் கதவில் சிங்கம் குதிரை பூட்டும் பக்கமாக, முன்னே பார்த்து நின்றது. வலக் கதவிலும் அதே சிங்கம், அதே சாவி, அதே சுருண்ட வால். இங்கே அது பின்சக்கரத்தைப் பார்த்து நின்றது. ஓரத்தில் ஓட்டல்காரரின் கீறல் மங்கலாகத் தெரிந்தது.

"ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு சார். கைகாரன்தான்" என்றான் நெய்னா.

ஜெயசீலன் சுவரில் மாட்டியிருந்த குதிரைச் சேணத்தைக் காட்டி அதையும் படமெடுக்கச் சொன்னார். குதிரையின் கண்ணுக்கு இருபுறமும் கட்டும் தோல் மறைப்புகளில் கட்டைவிரல் அளவுக்குப் பித்தளைச் சிங்கங்கள். குதிரைத் தலை இருக்கவேண்டிய இடத்தில் நெய்னா தன் முகத்தை வைத்துப் பார்த்தான். இரண்டு சிங்கமும் அவன் மூக்கு நோக்கியே நின்றன. குந்தியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். செய்கு முகம்மது திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்க ஒரு தோல்வார் இருந்தது. நெய்னாவுக்கு அதை இழுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இடக் கதவில் கண்ணாடி சர்ரென்று கதவின் வயிற்றுக்குள் இறங்கி மறைந்தது. வலக் கதவில் நாலு விரல் உயரம் வெளியே நின்றுவிட்டது. இழுத்தான், அழுத்தினான், இறங்கவில்லை.

"அதைப் போட்டுக் குலுக்காதீங்க தம்பி, உடைஞ்சிருமுங்க" என்றார் ரெங்கராஜ்.

பிறகு ஒவ்வொருவரும் தன் கதையைச் சொன்னார்கள். வண்டி வந்து இறங்கிய வாரம் ரெங்கராஜ் இங்கே இல்லை. எல்லை தாண்டி ஜுபைலில் கம்பெனி எடுத்திருந்த பெயர்ப்பலகை வேலைக்குப் போயிருந்தார். தகடுகளைக் கதவிலிருந்து கழற்றியவர்கள் வைரவனும் தச்சர் ஹசன் அலியும். ரெங்கராஜ் திரும்பியபோது தகடுகள் துணி சுற்றி ஸ்டோரில் இருந்தன. இடத் தகட்டை வைரவன் தன் மேசையில் வைத்துக் கையாலேயே தேய்த்து மெருகேற்றினான். வலத் தகட்டின் பின்பக்கம் திருகுமுளை ஒன்று ஒடிந்திருந்தது. பற்றவைக்கும் வேலையைப் பட்டறையில் ரெங்கராஜ் மட்டுமே செய்வார்.

"மணல் தட்டுல குப்புறப் போட்டு, முளையைப் பத்தவச்சு, அவன் கையில குடுத்துட்டனுங்க. அவன் பாலிஷ் போட்டு எனக்குத் திருப்பித் தந்தது இந்த டூப்ளிகேட். நானும் பாக்காம வாங்கி மாட்டிட்டேன். அது என் தப்புத்தானுங்க" என்றார்.

ஹசன் அலி நாகூர்க்காரர், பேச்சு குறைவு. கழற்றியது உண்மை, அதற்குப் பிறகு தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் சாரட்டின் பக்கம் பார்க்கவேயில்லை.

ஸ்டோர் என்பது கொட்டகையின் மூலையில் கம்பிவலை அடித்த கூண்டு. உள்ளே பெயின்ட் டின்களுக்கு நடுவே வைரவன் உட்கார்ந்திருந்தான். சிவகங்கைப் பக்கம். முப்பது வயதிருக்கும். மின்விசிறிக் காற்று அங்கே எட்டவில்லை. காலையில் பூட்டியவர்கள் தண்ணீர் வைக்க மறந்திருந்தார்கள். நெய்னா தன் பாட்டிலை வலைக்கு மேலாக நீட்டினான்.

வலத் தகடு பற்றவைத்த பிறகு தன் கைக்குத் திரும்பி வரவேயில்லை என்றான் வைரவன். நேற்றுச் சாயங்காலம் தகடு மாட்டும்போது அவனை மொட்டை மாடித் தொட்டியைக் கழுவ அனுப்பியிருந்தார்கள். காலையில் ஓட்டல்காரர் வந்தபோதும் மாடியில்தான் இருந்தான். இறங்கி வந்தவனை நேரே கூண்டுக்குள் போட்டார்கள். கூண்டிலிருந்து வண்டியின் பின்பக்கம் மட்டுமே தெரிந்தது. தகடு மாட்டிய கதவுகளை அவன் இன்னும் பார்க்கவில்லை.

"சத்தியம் பண்ணுனா நம்புவீகளா சார்? பாஸ்போர்ட் மொதலாளி பீரோவுல கெடக்கு. நான் களவாண்டு எங்க கொண்டுபோயி விக்கிறது? கேட்டத் தாண்டணும்னா கூர்க்கா சட்டைப்பையத் திருப்பிப் பாக்குறான். ஒரு ஆணி கொண்டுபோக முடியாது."

ஜெயசீலன் கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து நீட்டினார். கழற்றும்போது பார்த்த இரண்டு தகட்டையும் தரையில் வரையச் சொன்னார். வைரவன் யோசிக்காமல் வரைந்தான். ஒரு சிங்கம். பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்த சகோதரர்கள்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பாவம், பயத்தில் கை குழம்புகிறது என்று நெய்னா நினைத்தான். ஜெயசீலன் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு செருப்பால் இரண்டையும் அழித்தார்.

"இதைப் பத்தி யாருகிட்டயும் பேசாத" என்றார்.

வெளியே வந்ததும் நெய்னாவால் பொறுக்க முடியவில்லை. "சார், அச்சு அவன் பெட்டியிலதான இருந்துச்சு. அதுக்கு என்ன சொல்றது?"

"பெட்டிக்குப் பூட்டு இருந்துச்சாடே?"

இல்லை. அந்த ரூமில் எட்டுப் பேர். ஒரு பெட்டிக்கும் பூட்டில்லை.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்த செய்கு முகம்மது, எழுதியாயிற்றா என்று கேட்டார். எழுதுவதற்கு முன் எல்லோரிடமும் கொஞ்சம் பேசவேண்டும் என்றார் ஜெயசீலன். வைரவனைக் கூண்டிலிருந்து கூட்டிவந்து சாரட்டுக்குப் பின்னால், கதவுகள் தெரியாத இடத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். ரெங்கராஜும் ஹசன் அலியும் முன்னால் நின்றார்கள். புழுதி தகரத்தில் சரசரவென்று உரசிக்கொண்டிருந்தது.

"இந்த மாதிரிச் சின்னம் எதுக்கு வந்துச்சுன்னு மொதல்ல சொல்லிருதேன்" என்று தொடங்கினார் ஜெயசீலன். "ஐரோப்பாவுல அந்தக் காலத்துப் போர்வீரன் தலையிலேர்ந்து கால்வரைக்கும் இரும்பைப் போட்டுக்குவான். முகம் தெரியாது. நம்மாளா எதிராளியான்னு எப்படிக் கண்டுபிடிக்க? அதுக்குத்தான் கேடயத்துலயும் மேலங்கியிலயும் படம். ஒருத்தன் சிங்கம் போட்டா அது அவன் முகம். அப்பனுக்கப்புறம் மகன் முகம். கடுதாசியில வைக்கிற முத்திரையும் அதுவே. நம்ம ஊர்லயும் இருந்துச்சு. சோழன் செப்பேட்டு முத்திரையில புலியும் உண்டு, பாண்டியன் மீனும் சேரன் வில்லும் உண்டு. ஜெயிச்சவன் தோத்தவன் அடையாளத்தையும் தன் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டான். இந்த நாட்டுச் சின்னத்தையே பாருங்க. வல்லூறு நெஞ்சுல இருந்த பாய்மரக் கப்பலை எடுத்துட்டு இந்த வருசம் கொடியை வச்சிருக்காங்க. எந்தப் பொருள் எங்க இருக்கணும், எந்தப் பக்கம் பாக்கணும், எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம்."

செய்கு முகம்மது கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேடயத்துல சிங்கம் எதிரியப் பாக்கணும். அந்தச் சின்னத்தைக் குதிரை மேல போர்த்துற துணியில ரெண்டு பக்கமும் தைப்பாங்க. ஒரே படத்தை ரெண்டு பக்கமும் தைச்சா என்ன ஆகும்? ஒரு பக்கத்துல சிங்கம் குதிரையோட வாலைப் பாக்கும். குதிரை முன்னால பாயுது, சிங்கம் பின்னால ஓடுது. அது கேவலம். அதனால ஒரு பக்கத்துப் படத்தைத் திருப்பித் தைப்பாங்க. ரெண்டு சிங்கமும் குதிரைத் தலையப் பாக்கும். நெய்னா, சேணத்துல என்ன பாத்த?"

நெய்னா வாயைத் திறந்தான். தன் மூக்கை நோக்கி நின்ற இரண்டு பித்தளைச் சிங்கங்கள் நினைவுக்கு வந்தன. அவன் திரும்பி வலக் கதவைப் பார்த்தான். இத்தனை நேரம் கேமரா வழியாகப் பார்த்தும் பார்க்காத ஒன்று இப்போது தெரிந்தது. அந்தச் சிங்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"சேணத்துக்கே அவ்வளவு பாத்த குடும்பம், கதவுல கோட்டை விடுமா? அசல் வலத் தகட்டுல சிங்கம் மறுபக்கம் பாத்திருக்கும். இந்த டூப்ளிகேட் இடத் தகட்டுலேர்ந்து அச்சு எடுத்தது. ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்ச ஒருத்தர் எடுத்தது. கழட்டின ரெண்டு பேருக்கும் அது ஒண்ணு இல்லைன்னு தெரியும். வைரவன் இப்பவரைக்கும் கதவைப் பாக்கலை. ஆனா சாக்பீஸால வரையச் சொன்னப்ப ரெண்டையும் முதுகோட முதுகு வச்சு வரைஞ்சான். இடது இடப்பக்கம் பாக்குது, வலது வலப்பக்கம் பாக்குது. அவன் செஞ்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது."

ஜெயசீலன் ஹசன் அலியின் பக்கம் திரும்பினார். "நீங்களும் பாத்தீங்க. இல்லையா?"

ஹசன் அலி தரையைப் பார்த்தார். "காலையிலயே பாத்துட்டேன். சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு என்னையும் உள்ளாற போட்டுருவாங்க சார். மூணு பொண்ணு எனக்கு."

"தகடு கதவுல இருந்தப்ப இங்க இல்லாதவர் ஒருத்தர் இருக்கார்" என்றார் ஜெயசீலன். "வலத் தகட்டை அவர் துணியிலேர்ந்து எடுத்து மணல்ல குப்புறப் போட்டார். முதுகைத்தான் பாத்தார். நிமிந்த நிலையில அவர் நிதானமாப் பாத்த ஒரே சிங்கம் வைரவன் மேசையில இருந்தது. வாழ்நாள் பூரா பிக்கப் கதவுக்குக் கம்பெனி லோகோ ஒட்டின கை. அங்க ரெண்டு கதவுக்கும் ஒரே ஸ்டிக்கர்தான். லோகோவுக்கு முன்னும் பின்னும் கிடையாது."

ரெங்கராஜின் இஸ்திரிச் சட்டையில் முதுகு முழுக்க நனைந்திருந்தது. "கதை நல்லா இருக்குங்க" என்றார். "அப்ப அசல் எங்கீங்க? நான் தின்னுட்டனா? கேட்டுல எல்லாத்தையும் சோதிக்கிறாங்க, என்னையுந்தான்."

"ஆமா. இந்தக் கேட்டைத் தாண்டி சோதனை இல்லாம வெளிய போறது ஒண்ணே ஒண்ணு." ஜெயசீலன் சாரட்டின் சக்கரத்தில் கை வைத்தார். "ஹசன் பாய், வலக் கதவோட உள்பலகையைக் கழட்டுங்க. கண்ணாடி ஏன் இறங்கலைன்னு பாப்போம்."

திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பலகை விலகியதும், கண்ணாடி இறங்கும் பள்ளத்தில் துணி சுற்றிய ஒரு பொருள் குறுக்கே சிக்கியிருந்தது. ஹசன் அலி அதைப் பிரித்து வெளிச்சத்தில் வைத்தார். வெள்ளிச் சிங்கம். உடம்பு அப்படியே இருந்தது. வலப்பக்கம் திரும்பிய தலை மட்டும் உள்ளே ஒடுங்கி, கருகி, கண்ணும் வாயும் ஒன்றாகிக் கிடந்தது. கழுத்தோரம் ஈயம் வழிந்து உறைந்திருந்தது.

"கெட்டி வெள்ளின்னு நினைச்சு கேஸ் டார்ச்சைக் காட்டியிருக்கார்" என்றார் ஜெயசீலன். "இது மெல்லிசுத் தகட்டுல அடிச்சு, உள்ள ஈயம் நிரப்பினது. சூடு பட்டதும் ஈயம் இளகிருச்சு. முகம் போயிருச்சு."

ரெங்கராஜ் சாரட்டின் படியில் உட்கார்ந்துவிட்டார். நெய்னா எதிர்பார்த்தது மறுப்பு, கோபம், ஓட்டம். ஓடுவதற்கு எங்கே இடம்? அவர் சன்னமான குரலில்தான் பேசினார்.

"ஒரு நிமிசமுங்க. திருப்பிப் பாத்தா மூஞ்சி இல்ல. உடனே துணியில சுத்திட்டேன், அப்புறம் அதைப் பாக்கவே இல்லைங்க. வேலை போனா விசா போச்சு. வீடு, பசங்க ஸ்கூலு, எல்லாம் என் விசாவுல தொங்குதுங்க. புதுசா ஒண்ணு வார்த்து மாட்டிட்டா யாருக்குத் தெரியும்னு நெனைச்சேன். காலையில அந்தாளு கீறினதும், ரூம் சோதனைன்னு சொன்னதும்... மொதல்ல கையில கெடைச்ச பெட்டிங்க. இவன் பெட்டின்னுகூட நான் பாக்கலை."

"பாக்கலை" என்று வைரவன் பின்னாலிருந்து திருப்பிச் சொன்னான். எழுந்து வண்டியைச் சுற்றி வந்திருந்தான். அடிக்கப் போகிறான் என்று நெய்னா நடுவில் போனான். வைரவன் ரெங்கராஜைக் கடந்து போய், முகமில்லாத அந்தச் சிங்கத்தைக் கையில் எடுத்து, வழிந்த ஈயத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருந்தா, இது திருப்பி மாட்டுற தகடு, ஒரே அச்சுல வராதுன்னு சொல்லியிருப்பேனே சார்" என்றான். "சேர்ந்து மொதலாளிகிட்டப் போயிருக்கலாம்."

செய்கு முகம்மது போன் பேசுவதற்காகக் கையில் எடுத்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். களவு இல்லை. களவு இல்லையென்றால் பாலிசியும் இல்லை. "இவனை விடமாட்டேன். போலீஸ் வரட்டும்" என்றார், இப்போது ரெங்கராஜைக் காட்டி. கேட்டுச் சாவி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"அச்சைப் பெட்டியில வச்சதுக்கு அவர் போலீஸுக்குப் பதில் சொல்லத்தான் வேணும். ஆனா பொருள் களவு போகலை, கெட்டுப்போச்சு. அதைத்தான் எழுதுவேன்" என்றார் ஜெயசீலன். "ஓட்டல்காரர்ட்ட நீங்களே முன்னால போய் உண்மையச் சொல்லுங்க. உருகிப்போனாலும் அசல் இருக்கு. சரிபண்ணுற ஆளுங்க அவங்க ஊர்ல உண்டு. இன்னொரு விசயம். நான் வந்தப்ப ஒரு மனுசன் எங்க பூட்டிக் கிடந்தான், அவன் பாஸ்போர்ட் எங்க இருந்துச்சுன்னு அறிக்கையில எழுதுற இடம் ஒண்ணு இருக்கு. அங்க என்ன எழுதணும்?"

ஆளின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். எல்லோர் பீரோவிலும் பாஸ்போர்ட்டுகள் இருந்தன. செய்கு முகம்மது அலுவலக அறைக்குள் போனார். இரும்புப் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் கொண்டுவந்து நீட்டிய நீலப் புத்தகத்தை வைரவன் இரண்டு கையாலும் வாங்கினான். விசா முத்திரை குத்தி உள்ளே போனதிலிருந்து அவன் அதைப் பார்த்ததில்லை. அட்டையில் பொன்னிறத்தில் அசோகத் தூணின் சிங்கங்கள். முதுகோடு முதுகு ஒட்டி, ஆளுக்கொரு திசையைப் பார்த்து.

"இதுல எந்தச் சிங்கமும் பின்னால ஓட முடியாது, பாத்தியா?" என்றான் நெய்னா.

வைரவன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பழக்கத்தில் கட்டைவிரலால் அந்தப் பொன்னிறத்தை ஒருமுறை தேய்த்தான். பிறகு நிறுத்திக்கொண்டான். வெளியே எடுக்காமலே கிடந்ததில் அது கொஞ்சங்கூட மங்கியிருக்கவில்லை.

செய்கு முகம்மது சாவியை நீட்ட, நேபாளி சங்கிலியை உருவிக் கேட்டைத் திறந்தான். குந்தியிருந்தவர்கள் எழுந்தார்கள். வைரவன் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டுவரை நடந்தான். வெளியே புழுதியில் சாலை தெரியவில்லை. ஆனாலும் அவன் சுவரோரம் வெகுநேரம் நின்றிருந்தான், கேட்டுக்கு அந்தப் பக்கத்தில்.